திருவாய்க்கேள்வி முதல் கருத்துக் கேட்பு வரை

கேள் என்னும் வினையடி தமிழில் ஒரு பொருளோடு நிற்பதன்று. செவியால் ஏற்றலும் கேட்டல், வினாவுதலும் கேட்டல், ஒன்றை வேண்டி நிற்றலும் கேட்டலே. இதனின்று பிறந்த கேள்வி என்னும் பெயரும் அவ்வாறே விரிந்து நிற்கும். திருக்குறளின் 42-ஆம் அதிகாரம் செவிவழிப் பெறும் அறிவைக் கேள்வி என்கின்றது. பள்ளி மாணவன் வினாவைக் கேள்வி என்கின்றான். பிறமொழிகள் பலவற்றில் வெவ்வேறு சொற்களால் வழங்கும் செயல்களைத் தமிழ் ஒரு சொல்லில் அடக்கியுள்ளது. அதனால் நேரும் மயக்கத்தைச் சூழல் தீர்த்துவிடும் என்பது மொழியியலார் கூற்று. ஆனால் ஆட்சித்துறையில் அம்மயக்கம் அத்துணை எளிதில் தீர்வதில்லை.

அனல்மின் நிலையம், துறைமுகம், சுரங்கம், நெடுஞ்சாலை போன்ற பெரும்பணி ஒன்றைத் தொடங்குமுன் அரசு நடத்தும் கூட்டத்திற்கு இன்று 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று பெயர். ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நாளிதழ் விளம்பரத்திலும் நாம் காணும் தொடர் இது. இதில் வரும் கேட்பு, செவியால் ஏற்றலா, வினாவுதலா? கேட்பவர் யார்? கேட்டபின் அவர் விடை கூறக் கடமைப்பட்டவரா? இத்தொடர் எளிதாகத் தோன்றினும், இவ்வினாக்களுக்கு அது விடை தாராது. நிலமும் நீரும் இழப்போர் சொல்லுக்குத் தமிழகத்துப் பெரும்பணிகளில் எவ்விடம் இருந்தது என்பதைக் கல்வெட்டு, செப்பேடு, சட்டம் ஆகியவற்றின் வழிச் சிறிது ஆராயக் கருதினோம். சோழர் காலத்திலேயே இன்றைய கருத்துக் கேட்பு நிகழ்ந்தது என்று நிறுவுதல் எம் நோக்கமன்று. அவ்வாறு எழுதுவோர் சிலர் உளர். சான்றுகள் அவர்க்குத் துணை செய்யவில்லை.

முதற்கண் ஒரு கதையைக் குறிப்பாம். கரிகாலன் காவிரிக்குக் கரை எடுப்பித்த செய்தி தெலுங்குச் சோடர் பட்டயங்களிலும் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் கலிங்கத்துப் பரணியிலும் பேசப்படுகின்றது. கரை கட்டும் பணிக்கு வாராத ஓர் அரசன் தன் மூன்றாம் கண்ணை இழந்தான் என்பது அக்கதையின் ஒரு கூறு. இது வரலாறன்று என்பதில் ஐயமில்லை. எனினும், பெரும்பணிக்கு உடன்படாதவனுக்கு நேர்ந்ததாகப் பின்னோர் கற்பித்தது கண்ணிழப்பு என்பது கருதற்குரியது. அவன் ஏன் வரவில்லை என்று அந்நூல்களுள் எதுவும் வினவவில்லை.

இனி வரலாற்றுச் சான்றுகளுக்கு வருவாம். பல்லவர், சோழர் செப்பேடுகளில் நிலக்கொடை நிகழ்ந்த முறை ஓரளவு விரிவாகவே கூறப்பட்டுள்ளது. பல்லவர் பட்டயங்களில் விண்ணப்பம் செய்தவன் ஒருவன். ஆணையை நிறைவேற்றும் ஆணத்தி மற்றொருவன். சோழர் காலத்தில் இம்முறை மேலும் விரிந்தது. அரசன் வாய்மொழியாகக் கூறியதைக் கேட்ட அலுவலர் அதனை ஓலையில் ஏற்றினர். அவ்வாய்மொழி ஆணைக்குத் 'திருவாய்க்கேள்வி' என்பது பெயர். ஆகவே, ஆட்சிச் சொல்லாகக் கேள்வி தமிழிற் பயின்றபோது, கேட்டவர் அலுவலர். கேட்கப்பட்டது அரசன் சொல். சொல் மேலிருந்து கீழ்நோக்கிச் சென்றது. இன்றைய கருத்துக் கேட்பு என்னும் வழக்கு, குறைந்த அளவு பெயரளவிலேனும், அத்திசையைத் திருப்பி வைத்துள்ளது. ஒரே வினையடி ஆயிரம் ஆண்டில் அடைந்த இம்மாற்றம் சொல்லாராய்ச்சியாளர் கருத்தில் இன்னும் போதிய அளவு இடம்பெறவில்லை என்பது எம் எண்ணம்.

லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டை எடுத்துக் கொள்வாம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1005-1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அளித்த நிலம் 97 வேலிக்கு மேற்பட்டது. அரசன் திருமுகம் நாட்டாரிடம் வந்தது. அவர்கள் எதிர்கொண்டு சென்று தொழுது வாங்கித் தலைமேல் வைத்தனர். பின்னர் ஊரெல்லை நெடுகப் பெண்யானையை நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நட்டு, அறையோலை எழுதிக் கொடுத்தனர். சூழ்ந்த பல ஊர்களின் சார்பில் கையெழுத்திட்டோர் பெயர்களும் அதில் உள்ளன. நீருரிமையும் நுணுக்கமாக வரையறுக்கப்பட்டது: ஊர்க்குரிய வாய்க்காலினின்று பிறர் கிளை வெட்டுதலும், குறுக்கே அடைத்தலும், கூடையால் இறைத்தலும் கூடா.

இந்நிகழ்ச்சியில் நாட்டார்க்கும் அயலூரார்க்கும் இடம் இருந்தது என்பது தெளிவு. எல்லையை அவர்களே நடந்து காட்டினர். கல்லையும் அவர்களே நட்டனர். ஓர் ஊரின் எல்லையை மாற்றும் செயல் அயலூரார் கண்முன் நிகழ்தல் வேண்டும் என்னும் நெறி இன்றைய நில அளவைக்கும் ஏற்புடையதே. ஆனால் திருமுகத்தைத் தலைமேல் வைத்த பின்னரே இவையெல்லாம் நிகழ்ந்தன என்பதையும் மறத்தலாகாது. கொடுப்பதா, வேண்டாவா என்பதன்று நாட்டார் முன் இருந்த வினா; எங்கே தொடங்கி எங்கே முடிவது என்பதே. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டால், பின்வரும் சட்டங்களின் போக்கு எளிதிற் புலனாகும்.

செப்பேடுகளில் நாட்டாரைக் காண்கின்றோம், விண்ணப்பித்தோனைக் காண்கின்றோம், ஓலை எழுதியோனையும் காண்கின்றோம். நிலத்தை உழுதவன் எங்குளன்? அவனுக்கும் ஒரு தொடர் உண்டு. 'குடி நீக்கி' என்பது அது. தேவதானங்களைக் குடிநீங்காத் தேவதானம் என்றும் குடிநீக்கிய தேவதானம் என்றும் கல்வெட்டுகள் பிரித்துரைக்கின்றன. குடிநீக்குதல் என்பது உழுகுடிகளை உண்மையிலேயே வெளியேற்றியதைக் குறிக்குமோ, அவர்க்கிருந்த பழைய உரிமையை மட்டும் அகற்றியதைக் குறிக்குமோ என்பதில் அறிஞர் வேறுபடுவர். காராண்மை, மீயாட்சி என்னும் இருவகை உரிமைகளையும் உளப்படுத்திக் கொடுத்த ஊர்களில் உழவனின் நிலை யாதாயிற்று என்பதும் அவ்வளவில் தெளிவில்லை. எப்பொருள் கொள்ளினும் ஒன்று உறுதி. நீக்கப்பட்ட குடி அவ்வாவணத்தில் எழுவாயாக ஓரிடத்தும் வரவில்லை, செயப்படுபொருளாகவே வருகின்றது. அக்குடி யாது கூறிற்று என்று அறிய நமக்கு வழியில்லை.

ஊர்ச்சபைகளில் நிலைமை வேறாக இருந்ததோ எனின், அங்கும் எல்லோர்க்கும் வாயில் திறந்திருக்கவில்லை. முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பலராலும் எடுத்துக்காட்டப் படுவன. இளையோர் முதியோர் உட்பட மகாசபையார் கூடி, 30 குடும்புகளினின்று குடவோலை வழி வாரியங்களைத் தேர்ந்தனர். ஏரி வாரியத்தில் அறுவர் இருந்தனர். பெரும்பணி ஒன்றின் பராமரிப்பை ஊரார் தாமே ஏற்றமைக்கு இஃது அரிய சான்று. எனினும், வாரியத்தில் அமர இறைசெலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அகவை 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். ஏரியின் நீரைப் பாய்ச்சிய கூலியாளும், சேற்றை அள்ளிய பெண்ணும் குடவோலைக்கு உரியரல்லர். இதனைக் கூறுவது உத்திரமேரூரின் பெருமையைக் குறைப்பதற்கன்று. சான்று எத்துணை தூரம் செல்லுமோ அத்துணை தூரமே நாமும் செல்லல் வேண்டும் என்பதற்கே.

உத்திரமேரூரினும் நம் பொருளுக்கு அணுக்கமானது திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள மானூர்க் கல்வெட்டு. ஏறத்தாழக் கி.பி. 800-ஐச் சேர்ந்தது, மாறஞ்சடையன் காலத்தது. சபையில் யார் யார் கலந்துகொள்ளலாம் என்று வரையறுத்த பின்னர், அது ஒரு புதுமையான விதியைக் கூறுகின்றது. சபையில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் 'அன்று, அன்று' என மறுத்து முட்டுக்கட்டை இடுவோர், ஒவ்வொரு முறைக்கும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும் என்பது அவ்விதி.

இவ்விதியை இருவகையாகக் கொள்ளலாம். ஆராயாது மறுப்போரைத் தடுத்துச் சபையின் பணி இனிது நடக்கச் செய்தது என்பது ஒரு பொருள். மறுப்போர் வாயை அடைத்தது என்பது மற்றொன்று. முன்னதையே வரலாற்றாசிரியர் பெரும்பாலும் கொள்வர். எல்லாவற்றையும் மறுப்பவனையே விதி சுட்டுதலின் அதுவே பொருந்துவது. ஆயினும், முட்டுக்கட்டை எது, நேரிய மறுப்பு எது என்று துணியும் உரிமை யாரிடம் இருந்தது? சபையிடமே இருந்தது, அஃதாவது பெரும்பான்மையோரிடமே இருந்தது. பெரும்பணியை எதிர்ப்போர் 'வளர்ச்சிக்குத் தடையாவோர்' எனப் பெயர்பெறுதலை இந்நாளிலும் காண்கின்றோம். ஐந்து காசின் மதிப்பு மாறியிருக்கலாம். வழக்கு அவ்வளவாக மாறவில்லை.

சபைக்கு வெளியே நின்றோர் ஒருகாற் பேசியதும் உண்டு. 1429-இல் சோணாட்டிலும் நடுநாட்டிலும் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி, விசயநகர அலுவலரும் நிலவுடைமையாளரும் தம்மை அளவிறந்த வரியால் வருத்துகின்றனர் என்றும், இனி அவற்றை இறுக்க மாட்டோம் என்றும் முடிவு செய்து, அம்முடிவைத் திருவைகாவூர் முதலிய இடங்களிற் கோயிற் சுவரிலேயே பொறித்தனர். யாரும் அவர்களைக் கருத்துக் கேட்கவில்லை, அவர்களே கூறினர். தமிழ்க் கல்வெட்டு வரலாற்றில் கீழிருந்து மேல்நோக்கி இத்துணை உரக்கச் சென்ற சொல் வேறு மிகுதியில்லை.

ஒரு சிறு குறிப்பைக் கூறி இடைக்காலத்தை விடுவாம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் கோயிலுக்குரிய ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது, இறை கொள்ளாத நிலங்களை முதலிற் கழித்து விடுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவற்றோடு, ஊரை ஊடறுத்துப் போன வாய்க்காலும் அக்கழிவில் உண்டு. தன் ஊர் வழியே வாய்க்கால் செல்லுதலால் நிலம் இழந்த ஊர், அந்நிலத்திற்கு இறை செலுத்த வேண்டுவதில்லை. உடன்பாடு கேட்டனரா என்று அறியோம். இழப்பை எண்ணியாவது வைத்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வெண்ணிக்கை தனிச் சட்டமாயிற்று. வங்காளத்தில் 1824-ஆம் ஆண்டின் முதலாம் ஒழுங்குமுறை, பொதுப்பணிக்கு நிலம் எடுப்பதற்கு வழிவகுத்தது. சென்னை மாகாணத்திற்கு 1852-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் வந்தது. இருப்புப்பாதை அமைந்துகொண்டிருந்த காலம் அது. இராயபுரத்தினின்று வாலாசா ரோடு வரை முதல் வண்டி 1856-இல் ஓடிற்று. 1857-இல் பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம் ஏற்பட்டு, 1870-இலும் 1894-இலும் புதுக்கப்பட்டது. இறுதியாகக் கூறிய 1894-ஆம் ஆண்டுச் சட்டமே 2013 வரை, அஃதாவது விடுதலைக்குப் பின்னும் 66 ஆண்டுகள், நாட்டை ஆண்டது.

இச்சட்டத்தைத் தமிழில் 'நில ஆர்ஜிதச் சட்டம்' என்றனர். ஆர்ஜிதம் என்னும் வடசொல்லுக்கு ஈட்டியது, தேடிப்பெற்றது என்பது பொருள். ஒருவன் உழைத்துத் தேடிய பொருளுக்குச் 'சுயார்ஜிதம்' என்று பெயர். அதே சொல்லால் அரசு பிறர் நிலத்தைக் கொள்ளுதலும் வழங்கப்பட்டது. பின்னாளில் வந்த 'நில எடுப்பு' என்னும் சொல் நேர்மையானது. செய்வதைச் செய்வதாகவே கூறுகின்றது. 'கையகப்படுத்துதல்' அவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஆட்சிச்சொல் ஆக்கத்தில் ஈடுபடுவோர் இம்மூன்றின் நிழற்பொருள்களை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும்.

1894-ஆம் ஆண்டுச் சட்டம் நிலவுடைமையாளனை அழைத்தது உண்மை. ஆனால் எதற்கு அழைத்தது? அவனுக்குரிய உரிமை யாது, இழப்பீடு எவ்வளவு என்பவற்றைக் கேட்பதற்கே. நிலம் பொதுநோக்கத்திற்குத் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பே முடிந்த முடிபான சான்று எனச் சட்டம் கூறிற்று. தொகை போதாதெனின் நீதிமன்றத்திற்குச் செல்லலாம். நிலத்தைத் தாரேன் என்று கூறுவதற்கு மன்றமே இல்லை. ஆனைமங்கலத்து நாட்டார் எல்லையைக் காட்ட அழைக்கப்பட்டது போல, இவனும் விலையைக் கூற அழைக்கப்பட்டான்.

இக்குறை 1923-இல் ஓரளவு நீங்கியது. அவ்வாண்டின் 38-ஆம் திருத்தச் சட்டம் 5-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன்படி, அறிவிப்பு வெளிவந்த 30 நாளுக்குள் தொடர்புடையோர் நில எடுப்பையே மறுத்து எழுதலாம். மாவட்ட ஆட்சியர் அவரை நேரிற் கேட்டு, அரசுக்கு அறிக்கை அனுப்புதல் வேண்டும். இந்தியச் சட்ட வரலாற்றில் 'எவ்வளவு' என்னும் வினாவினின்று 'ஏன்' என்னும் வினாவுக்குக் குடிமகன் சென்ற முதல் வாயில் இதுவே எனலாம். அவ்வாண்டுகளில் பூனாவுக்கு அருகே முளசி என்னுமிடத்தில், டாட்டா நிறுவனத்தார் மின்னாக்கத்திற்குக் கட்டிய அணையை எதிர்த்து மாவள உழவர், சேனாபதி பாபட் தலைமையில் 1921 முதல் 1924 வரை அறப்போர் நடத்தினர் என்பதும் நினைக்கத்தக்கது. இரண்டும் ஒரே காலத்தின் விளைவுகள் என்பதற்கு மேல், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற யாம் துணிந்திலேம்.

வாயில் திறந்தது, ஆனால் குறுகியது. கேட்பவர் ஆட்சியர், முடிவு செய்பவர் அரசு, அம்முடிவே இறுதி. அவசரம் எனக் கருதினால், 17-ஆம் பிரிவின்படி இக்கேட்பை முற்றும் விலக்கிவிடலாம். மேலும் 'தொடர்புடையோர்' என்பார், இழப்பீட்டில் உரிமை கோரத்தக்கவரே. அவ்வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்த கூலி மக்கள் அச்சொல்லுக்குள் வாரார். குடிநீக்கி என்று ஒரு சொல்லேனும் எழுதிய செப்பேட்டை விட இச்சட்டம் ஒருபடி பின்தங்கியது என்று கூறினும் இழுக்காது. இது குடியை நீக்கியதாகவும் எழுதவில்லை.

இதே முறை பிற்காலத்திலும் புதிய பெயர்களோடு தொடர்ந்தது. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 1997-இற் சேர்ந்த பிரிவுகள், மறுப்புக் கூற 21 நாளே அளித்தன. அம்மறுப்பும் நிலத்தை அப்பயனுக்குக் கொள்ளுதல் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். தகுந்த அலுவலர் கேட்டு ஏற்கலாம், தள்ளலாம். அவர் ஆணை இறுதியானது.

நிலத்தைப் பற்றிய சட்டம் இவ்வாறு நிற்க, சுற்றுச்சூழல் பற்றிய சட்டத்தின் வழியே மற்றொரு வாயில் திறந்தது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1994 சனவரியில் வந்த அறிவிக்கை, பெரும்பணிகளுக்கு முன்னனுமதி வேண்டும் என்றது. 1997 ஏப்பிரலில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு அதனுட் கட்டாயமாக்கப்பட்டது. இன்று நடப்பிலுள்ளது 2006 செப்டம்பரில் வெளியான அறிவிக்கை. இதன் விதிகளைக் கூர்ந்து நோக்குதல் நலம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை ஏற்பாடு செய்யும். ஆட்சியரோ, அவர் சார்பில் உயர் அலுவலரோ தலைமை ஏற்பர். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நடவடிக்கை முழுதும் ஒளிப்பதிவு செய்யப்படும். கூறப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை அக்கூட்டத்திலேயே வட்டார மொழியிற் படித்துக் காட்டல் வேண்டும். நிலவுடைமை வேண்டுவதில்லை, அகவை வரம்பில்லை, உத்திரமேரூர் வாரியத்தில் அமர முடியாத அனைவரும் இங்கே ஒலிவாங்கியின் முன் நிற்கலாம். இவ்வளவில் இது பெரியதோர் மாற்றமே.

குறைந்த அளவு இத்துணைப் பேர் வந்திருத்தல் வேண்டும் என்னும் வரையறை இதில் இல்லை. பாதுகாப்புத் துறைப் பணிகள், புதிய நிலம் எடுக்காத சாலை விரிவுகள் முதலியன விலக்குப் பெறும். அதனினும் வியப்பானது மற்றொரு விதி: உள்ளூர் நிலைமையால் மக்கள் தம் கருத்தைத் தடையின்றிக் கூற இயலாது என்று அலுவலர் அறிவித்தால், கூட்டத்தை நடத்தாமலே விடலாம். எங்கே பூசல் மிகுதியோ, அங்கே கேட்பு இல்லாமற் போவதற்கு இஃது இடந்தருகின்றது. சிறப்பாகக் கருத வேண்டியது கேட்போன், விடை கூறுவோன், முடிவு செய்வோன் ஆகியோரைப் பற்றியது. கேட்பவர் ஆட்சியர். எழுந்த ஐயங்களுக்குத் தன் அறிக்கையில் விடை எழுத வேண்டியவர், அனுமதி வேண்டி நிற்கும் திட்ட உரிமையாளர். ஆராய்ந்து பரிந்துரைப்பது கூட்டத்திற்கு வாராத வல்லுநர் குழு. பேசுபவன் ஒருவனே, அவன் பேச்சைப் பெறுவோர் மூவர். எவரிடமிருந்தும் அவனுக்கு நேரே விடை வருவதில்லை. 'உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்பதே மேடையினின்று அவன் பெறும் வழக்கமான மறுமொழி.

கூடங்குளத்தில் இக்குறுகிய வாயிலும் இல்லை. முதல் இரண்டு அணுவுலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதி 1989-இல் அளிக்கப்பட்டது. கருத்துக் கேட்பு கட்டாயமானது அதற்கு எட்டாண்டு கழித்து. 2011-இல் இடிந்தகரையில் மீனவ மக்கள் தொடங்கிய போராட்டம் நாடறிந்தது. 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், அவ்விரண்டு உலைகளுக்கும் கருத்துக் கேட்பு சட்டப்படி வேண்டுவதில்லை எனத் தீர்த்தது. தீர்ப்புச் சட்டத்திற்கு ஏற்றதே. ஆயினும், உலை எழுந்து நின்ற பின்னர் அதன் நிழலில் வாழ்வோர் எழுப்பிய வினா, ஆண்டுக் கணக்கினால் மட்டும் விடைபெற்று முடிந்தது.

2013-ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு இயற்றப்பட்ட புதிய நில எடுப்புச் சட்டம், 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. சமூகத் தாக்க மதிப்பீடும், பாதிக்கப்படும் இடத்திலேயே பொதுக் கூட்டமும் வேண்டும் என்றது. தனியார்க்கு நிலம் எடுப்பின் பாதிக்கப்படும் குடும்பங்களுள் 80 விழுக்காட்டினர், அரசு தனியார் கூட்டுப் பணிக்கு எடுப்பின் 70 விழுக்காட்டினர் உடன்படுதல் வேண்டும் என்றது. அவற்றினும் நம் கருத்தை ஈர்ப்பது, 'பாதிக்கப்படும் குடும்பம்' என்பதற்கு அது தந்த விளக்கம். நிலமில்லாத உழவுத் தொழிலாளர், குத்தகையாளர், வாரதாரர், கைவினைஞர் ஆகியோர், எடுப்புக்கு முன் மூன்றாண்டுகள் அவ்விடத்தில் உழைத்து, அதனாலேயே வாழ்ந்தவராயின், அவர்களும் அச்சொல்லுள் அடங்குவர். செப்பேட்டிற் செயப்படுபொருளாக நின்ற குடி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்துச் சட்டத்தில் எழுவாயாயிற்று.

ஆயின் ஒரு கதவால் நுழைந்த குடி மற்றொரு கதவால் வெளிவர நேர்ந்தது. அச்சட்டத்தின் நான்காம் அட்டவணை, நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, அணுவாற்றல் முதலியவை பற்றிய 13 சட்டங்களை விலக்கி வைத்தது. இழப்பீட்டு விதிகள் பின்னர் அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டன; தாக்க மதிப்பீடும் உடன்பாடும் நீட்டிக்கப்படவில்லை. தமிழக அரசு 105-அ என்னும் பிரிவைச் சேர்த்து, தொழில், மாநில நெடுஞ்சாலை, ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கு நிலம் எடுக்கும் தன் மூன்று சட்டங்களையும் விலக்கிக் கொண்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2019 சூலையில் அவற்றைச் செல்லாவெனத் தீர்த்தது. உடனே அவற்றுக்கு உயிரூட்டும் புதுச்சட்டம் இயற்றப்பட்டது. 2021 சூனில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. விலை பற்றிய கேள்வி எல்லோர்க்கும் உரியதாயிற்று; வேண்டுமா என்னும் கேள்வி சிலர்க்கே உரியதாக எஞ்சியது.

சென்னை-சேலம் எட்டுவழிச் சாலை இவ்வரலாற்றின் எல்லா இழைகளையும் ஓரிடத்தே காட்டுவது. 277 கிலோமீட்டர் நீளத்தில், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் வழியே செல்லவிருந்த இச்சாலைக்காக 2018-இல் வயல்களில் அளவைக் கற்கள் நடப்பட்டன. உழவர் பலர் அவற்றைப் பிடுங்கி எறிந்தனர். ஆனைமங்கலத்தில் நாட்டாரே நட்ட கல்லை இங்கே வருவாய்த்துறையினர் காவலர் துணையோடு நட வேண்டியதாயிற்று என்பது வெறும் ஒப்புமையன்று. ஊரார் கையால் நட்ட கல்லுக்கு ஊரார் சான்று. பிறர் நட்ட கல்லுக்குக் காவல் வேண்டும். 2019 ஏப்பிரல் 8-இல் உயர்நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதியும் அதற்குரிய கருத்துக் கேட்பும் முன்னர் நிகழ்தல் வேண்டும் என்று கூறி நில எடுப்பை நீக்கியது. 2020 திசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன் அவ்வனுமதி வேண்டுவதில்லை, சாலைப் பணி தொடங்குமுன் பெற்றாற் போதும் என்றது. இரு தீர்ப்புகளும் வேறுபடுவது ஒரே புள்ளியில்: கேட்பு முன்னா, எடுப்பு முன்னா? கிணற்றையும் தோப்பையும் அரசின் பெயருக்கு மாற்றிய பின்னர் உழவனை அழைத்து, சாலை வேண்டுமா என்று வினவினால், அவன் கூறும் விடைக்கு எடை உண்டோ என்பதை எமக்கு முன் நீதிமன்றத்திற் பலர் வாதிட்டுள்ளனர். யாம் உயர்நீதிமன்றத்தின் கருத்தையே பொருத்தமாகக் கொள்கின்றோம்.

விடைக்கு எடை இருந்த இடமும் ஒன்று உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட்டு வெட்டுதல் பற்றி, 2013 ஏப்பிரலில் உச்ச நீதிமன்றம் முடிவை ஊர்ச்சபைகளின் முன் வைக்குமாறு பணித்தது. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் அதற்கு அடிப்படையாயிற்று. அவ்வாண்டு சூலை, ஆகத்து மாதங்களில் 12 ஊர்ச்சபைகள் கூடின. டோங்கிரியா கொந்தர் முதலிய மலைவாணர் 12 சபைகளிலும் வேண்டா என்றனர். 2014 சனவரியில் நடுவணரசும் அனுமதியை மறுத்தது. அங்குக் கேட்டது வினாவுதற் பொருளிற் கேட்டல். 'வேண்டா' என்பதும் விடையாகக் கொள்ளப்பட்டது. அதற்கு ஐந்து காசு தண்டம் எவரும் வாங்கவில்லை.

மொழி பற்றி ஒன்று கூறுதல் தமிழ்த் துறையினர்க்குக் கடன். கருத்துக் கேட்புக்கு முன் மக்களுக்கு அளிக்கப்படும் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பல நூறு பக்கங்கள் கொண்டது. வட்டார மொழியிற் கிடைப்பது அதன் சுருக்கமே. 2020-இல் அறிவிக்கையையே மாற்றி அமைக்கும் வரைவு ஒன்று கருத்துக்காக வெளியிடப்பட்டபோது, அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அவ்வாண்டு சூன் 30-இல் தில்லி உயர்நீதிமன்றம், எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அதனை வெளியிடுக எனப் பணித்தது. கருத்துக் கேட்பைப் பற்றிய கருத்துக் கேட்பே மக்கள் மொழியில் நிகழவில்லை என்பதைச் சுட்ட ஒரு வழக்கு வேண்டியதாயிற்று. சுருக்கத்தின் தமிழும் பலவிடத்து ஆங்கிலச் சொற்றொடரின் நிழலாய் நிற்பதால், படித்தோர்க்கே பொருள் விளங்காது. இதனைச் செம்மை செய்தல் சொல்லாக்கப் பணியன்று, உரைநடைப் பணி.

இக்கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளும் ஒளிப்பதிவுகளும் மாவட்ட அலுவலகங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் உள்ளன. அவற்றைப் படியெடுத்துத் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்ளலாம். 2023 சூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெய்வேலி நிறுவனம் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டியபோது, கதிர்விட்ட நெல்லின் ஊடே பொறிகள் சென்றன. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கூற்று. அந்நாள் வரை அங்கே பயிர் செய்தவர் நாங்கள் என்பது உழவர் கூற்று. ஊரை ஊடறுத்துப் போன வாய்க்காலைத் தஞ்சைக் கல்வெட்டு ஒரு தொடரில் எழுதி வைத்தது. இந்நாளைக் குறிப்புகளில் அதே பட்டியலை உழவர் தம் வாயாற் கூறக் காண்கின்றோம்: நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு.